ஒரே பஸ், ரெண்டு நாசிக்

குரூப் டூர் போடுறதுன்னா ஊர் சுத்துற வேலைன்னு நெனச்சு வந்தேன், பஸ்ல காலியா இருக்குற ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மனுஷனைத் தேடுற வேலையாம் இது. சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வேன் பிடிச்சவங்க யாராவது இதைப் படிச்சா, வாங்க, உங்களுக்குப் புரியும். நடுவுல போன் அடிக்கும், விட்டு விட்டுத்தான் டைப் பண்றேன்.

ரெண்டு போஸ்டர்

மந்தைவெளில எங்க ஆபீஸ். நான் தனியா போடுற முதல் டூர் நாசிக். கோதாவரிக் கரை, ராமர் இருந்த ஊரு, ஊரைச் சுத்தி ஒயின் திராட்சைத் தோட்டம். எதைச் சொல்லி ஆள் பிடிக்கிறதுன்னு குழம்பி, ரெண்டு போஸ்டர் பண்ணிட்டேன். மயிலாப்பூருக்கு 'கோதாவரி ஸ்நானம்', தி.நகருக்கு 'ஒயின் தோட்ட டூர்'. ரெண்டுலயும் பாதி பஸ்தான் சேர்ந்துச்சு. சரி, ரெண்டு பாதியும் சேர்ந்தா ஒரு பஸ்தானேன்னு முதலாளி சாருகிட்ட போய்ச் சொன்னேன்.

இதுக்கு முன்னாடி நான் விசா ஃபோட்டோ வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன்னு சாருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "ஏத்திடும்மா. ஆனா ஒரு பாதி இறங்குச்சுன்னா டிரிப் கேன்சல், நீ மறுபடியும் ஃபோட்டோ டேபிள்."

வெயில் படாத சீட்டு

மயிலாப்பூர் பாதியைச் சேர்த்துக் குடுத்தது வைதேகி மாமி. அவங்களுக்கு ஜன்னல் சீட் வேணும், வெயில் மட்டும் படக்கூடாது. மேப்பைத் தலைகீழா, நேரா எல்லாம் திருப்பிப் பாத்தேன். காலைல வலது பக்கம் வெயில், மத்தியானத்துக்கு மேல இடது பக்கம். மாமி மத்தியானம் தூங்கிடுவேன்னாங்க, அதனால இடது பக்கம் போட்டேன். அப்பாடான்னு டீயை எடுத்தா திரும்பவும் போன்.

"ஏன்டிம்மா, அப்போ திரும்பி வரச்சே?"

வேட்டியா பேண்ட்டா

தி.நகர் பாதிக்கு லீடர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. டூர்ல ஒயின் குடிக்கிறது கூட முக்கியமில்லயாம், திராட்சையைத் தொட்டில போட்டுக் காலால மிதிக்க விடுவாங்கன்னு எங்கயோ வீடியோ பாத்துட்டார். நான் தோட்டத்துக்கு போன் போட்டேன். அதுக்கு சீசன் இருக்கு, கேட்டுச் சொல்றோம்னு இந்தில சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச இந்தில அவ்வளவுதான் புரிஞ்சுது. அண்ணாச்சி அதுக்குள்ள அடுத்த கட்டத்துக்குப் போயிட்டார்.

"பேண்ட்ட மடிச்சா நிக்காதும்மா, வேட்டின்னா தூக்கிச் சொருகிக்கிடலாம்லா?"

ப்ளூ டிக்

டிரைவர் நம்பர் குடுக்கணும்னு எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்தேன். கூடவே டூர் பிளானையும் போட்டேன். போட்டப்புறம்தான் பாக்குறேன், அது அண்ணாச்சிக்கு அனுப்புன பிளான். 'மதியம்: ஒயின் டேஸ்டிங்'. அழிக்கிறதுக்குள்ள வரிசையா ப்ளூ டிக். மாமி டைப் பண்றாங்க. நிறுத்துறாங்க. மறுபடியும் டைப் பண்றாங்க. எனக்கு ஃபோட்டோ வெட்டுற கத்திரிக்கோல் கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

கடைசில போனே பண்ணிட்டாங்க. மாமாவோட தர்ப்பணம் காத்தாலயே முடிஞ்சுடுமாம், மத்தியானம் பஸ்லயே உக்காந்துண்டு என்ன பண்றதாம், அவங்க எல்லாரும் தோட்டத்துக்கு வராங்களாம். நான் ஸாரி, தேங்க்ஸ் ரெண்டையும் ஒண்ணா சொல்லிட்டேன். "குடிக்கறவா குடிக்கட்டும், திராட்சை என்னடி பாவம் பண்ணித்து?"

எது முதல்ல

அன்னிக்கு சாயங்காலமே அண்ணாச்சி: அவங்க ஆளுங்களும் கோதாவரில முங்கணுமாம். எல்லாருக்கும் ரெண்டும் வேணும், பிரச்சனை தீர்ந்துச்சுன்னு ஒரு நிமிஷம் ஆடிட்டேன். அப்புறம்தான் வந்துச்சு சிக்கல். மாமி பக்கம், ஆறுதான் முதல்ல, ஒயின் வாசனையோட வந்து முங்கப்படாது. அண்ணாச்சி பக்கம், தோட்டம்தான் முதல்ல, குடிச்ச பாவம் போகத்தானே முங்குறது. நம்ம வரிசைல போகலன்னா வரலன்னு ரெண்டு பக்கமும் குரூப்லயே எழுதிட்டாங்க. யோசிச்சா ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் தெரியுது, அதான் கொடுமை.

பிளானை மாத்தி மாத்தி எழுதினேன். கடைசில காலைல ஆறு, மத்தியானம் தோட்டம், சாயங்காலம் மறுபடியும் ஆறுன்னு போட்டேன். மாமி ஒரு கும்பிடு அனுப்பினாங்க, அண்ணாச்சி கட்டைவிரல். யாரும் இறங்கல. துள்ளிக் குதிச்சு டிரைவர் அண்ணனுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

"ரெண்டு தபா முங்குனா ரெண்டு தபா சீட்டு ஈரமாவும், அதுக்கு இன்னா வழி வச்சிகீற பாப்பா?"

இப்போ ஃபோட்டோ டேபிள்ல வேற ஒரு பொண்ணு உக்காந்திருக்கா, நான் எல்லா சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை தேடி அலையுறேன், யாரு புண்ணியத்துக்கு வர்றாங்க யாரு ஒயினுக்கு வர்றாங்கன்னு மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடல.