ஒரே அளவாகக் கத்துபவர்

"விடாதே! விடாதே! இன்னும்! இன்னும்! விடாதே!"

ஐந்து சொல், ஐந்து விநாடி. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு ஒரு வாய் வெந்நீர். எதிரே ஒரு மல்யுத்த வீரர், தொடை உயரத்தில் பூட்டப்பட்ட இரும்புக் கம்பியை மேலே இழுத்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க மூச்சு வாங்குகிறார். கம்பி ஒரு நூல்கூட அசையவில்லை. அது அசையவும் கூடாது. இழுத்த இழுப்பு எத்தனை கிலோ என்பதைக் காலடியில் இருக்கும் தட்டு கணினிக்குச் சொல்லிவிடும்.

விளையாட்டு அரங்கத்துப் பலப் பரிசோதனை அறையில் இப்படிக் கத்தும் பெண்மணிக்குக் கத்தியக்கா என்று பெயர். வெட்டுகிற கத்தி இல்லை, கத்திக் கத்தி வந்த கத்தி. பக்கத்தில் ஆள் நின்று கத்தினால் எவருக்கும் நாலு கிலோ கூடுதலாக வரும் என்பது இவர் அனுபவம். அதனால் எல்லோருக்கும் அதே சொற்கள், அதே சத்தம். சத்தத்தை அளக்கச் சுவரில் ஒரு மீட்டர். முள் பச்சைக் கோட்டைத் தாண்டினால் அந்த இழுப்பின் எண் செல்லாது. வீட்டில் வாயே திறப்பதில்லையாம். "கேட்டா தொண்டைக்கு ரெஸ்டுங்கிறா சார்," என்று வெந்நீர் கொண்டுவந்த கணவர் என்னிடம் மூக்கால் அழுதார்.

பலத்தை அளக்க இந்த அறையில் மூன்று வழி உண்டு. ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடை. குறைந்த எடையைப் பல தடவை தூக்கவைத்துப் போடும் கணக்கு. அப்புறம் இந்த அசையாத கம்பி. மூன்றையும் ஒப்பிட்டு எது பொய் சொல்கிறது என்று பார்ப்பதுதான் இவர் வேலை. என்னையும் ஏற்றி நிறுத்தினார். மூன்றும் ஒற்றுமையாக என் மானத்தை வாங்கின.

அணியின் கோச்சோ, எடை தூக்குவதை மட்டுமே நம்புகிறவர். நான் போயிருந்த அன்று இருவருக்கும் முட்டிக்கொண்டது. குண்டு எறியும் பெண் ஒருத்தி, ஆறு மாதம் முன்பு எடையோடு சரிந்து முழங்கால் போனவள். கால் தேறிவிட்டது. ஆனால் எடையைத் தோளில் ஏற்றினாலே பாதியில் போட்டுவிடுகிறாள். அணியில் மிச்சம் ஒரே இடம். அன்றே முடிவாக வேண்டும்.

"பயந்தவளைத் தூக்கச் சொன்னா பயத்தைத்தான் சார் அளப்பீங்க. என் கம்பியில கீழ விழ எதுவும் இல்ல."

"சரி, அதுல இருநூறு கிலோ இழுக்கட்டும், பேரை எழுதுறேன். ஆனா நீங்க கத்தக் கூடாது மேடம். உங்க பொண்ணாச்சே."

ஆமாம், சொந்த மகள்தான். "நானே அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் கத்தியக்கா.

ஆக, கோச் கத்தினார். முதல் தடவை வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் "விடாதே... விடாதே..." என்றதில் அவள் சிரித்துவிட்டாள். கணக்கில் இல்லை. இரண்டாவது தடவை மனிதருக்கு வேகம் வந்துவிட்டது. தொண்டை கிழியக் கத்தினார். இருநூற்று ஒன்பது!

"எழுதிடலாம் மேடம்!" என்று அவரே குதித்தார்.

கத்தியக்கா சுவரைக் காட்டினார். முள் கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. பேனாவை எடுத்து அந்த எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"அம்மா!"

"அது கோச் சாரோட பலம்டி. அஞ்சு நிமிஷம் உட்காரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு வந்ததை எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா?

மூன்றாவது தடவை கோச் முள்ளைப் பார்த்துக்கொண்டே அளவாகக் கத்தினார். மகள் கம்பியை இழுத்தாள். கத்தியக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இருநூற்று மூன்று.

கோச் பெயரை எழுதினார். கத்தியக்கா திரும்பவில்லை. மகள்தான் ஓடிப்போய், "முடிஞ்சிடுச்சும்மா, கையை எடு," என்று பிடித்து இழுத்தாள்.

கையின் ஓரத்தில் பல் பதிந்து சிவந்திருந்தது.