சாச்சா கொண்டுவந்த கேம் பெட்டி

வாப்பாவின் தம்பியான சாச்சா சவூதியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று உம்மா சொல்வது வழக்கம். புதுமடத்தில் எங்கள் வீடும் சாச்சா வீடும் ஒட்டி இருந்தன. நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் என் வயிறு எரியும். சாச்சா மகளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அவளிடம் மணக்கும் ரப்பர் இருந்தது; என் ரப்பர் அழித்தால் தாள் கிழியும். என் வாப்பா உச்சிப்புளியில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்த்தார். தினமும் வீட்டுக்கு வருகிறவர் என்பதால் எதையும் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

நாங்கள் ஐந்தாவது படித்த வருஷம் சாச்சா டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். சவூதியில் அவர் டிரைவராக இருந்த வீட்டில் புதுசு வாங்கியதும் பழையதை இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பழசு என்று கேள்விப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். போகக் கூடாது என்று பிடிவாதமாகத்தான் இருந்தேன். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை தாங்கினேன், பிறகு போனேன்.

சாச்சா ஒரு தலையணை உறையைப் பாயில் கவிழ்த்தார். சிக்கிய வலை மாதிரி வயர்கள். அவற்றுக்கு நடுவே என்னவென்றே தெரியாத சாமான்கள். அங்கே இருந்த யாருக்கும் எது எதற்கு என்று புரியவில்லை. சாச்சி சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒன்றை எடுத்து, கொசு மேட்டா என்று கேட்டார். சாச்சா விழுந்து விழுந்து சிரித்தார்.

“மெமரி கார்டு புள்ள. ஆட்டத்தப் பாதியில விட்டுட்டுப் போனாலும் இது ஞாபகம் வச்சுக்கிரும்.”

மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வயர் டிவிக்கு. கனமான கறுப்புக் கட்டை கரண்டைக் குறைப்பதற்கு. அது இல்லாமல் செருகினால் பெட்டி புகைந்துவிடுமாம். துப்பாக்கி பழைய குண்டு டிவியில் மட்டும்தான் சுடும். ஸ்டீயரிங்குக்கு அடியில் உறிஞ்சி ஒட்டும் ரப்பர் இருந்தது. எல்லாவற்றையும் தொட்ட மாத்திரத்தில் சொன்னார். அவருக்குத் தெரியாத ஒன்றாவது இருக்க வேண்டுமே என்று நான் குவியலைக் கிளறி, நாலு ஓட்டை உள்ள ஒரு சின்னப் பெட்டியை நீட்டினேன்.

“அதுவா? நாலு பேரு சேந்து ஆடுறதுக்கு.”

அவர்கள் வீட்டில் மூன்று பேர்தான். நாலாவது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். ஒன்றின் குமிழ் ரப்பர் பல் பட்டுப் பிய்ந்திருந்தது. சாச்சா அதைக் கட்டைவிரலால் தடவினார்.

“அந்த வீட்டுச் சின்னவன் கடிச்சது. தோத்தா கடிப்பான். என் மடியிலதான் உக்காருவான். நான் ஊட்டுனாத்தான் சாப்புடுவான். அப்பவும் கண்ணு டிவியிலதான்.”

கதவோரம் நின்றிருந்த அவர் மகள், அவனுக்கு எத்தனை வயசு என்று கேட்டாள்.

“ஒங்க வயசுதாம்மா. கைப்புள்ளையில இருந்து நாந்தானே தூக்கி வச்சிருந்தேன்.”

டிவியில் கார்கள் சீறின. அந்தப் பையன் விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் தொடங்கியது. சாச்சா நல்ல ஜாய்ஸ்டிக்கைத் தன் மகளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எனக்கு வேணாம். இவ ஆடட்டும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மனசு மாறுவதற்குள் பாயில் உட்கார்ந்துவிட்டேன். சாச்சா என் விரல்மேல் விரல் வைத்து எது பிரேக், எது வேகம் என்று காட்டினார். நான் முட்டிய இடத்திலெல்லாம் “அல்லா!” என்று அலறினார். பிறகு கடிபட்ட ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவரும் என்னோடு போட்டிக்கு ஆடினார். அந்த ஸ்டீயரிங், துப்பாக்கி, நாலு ஓட்டைப் பெட்டி எல்லாமே என்னுடையவை மாதிரி இருந்தன. அவள் எப்போது எழுந்து போனாள் என்று நான் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்குக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஓடினேன். வாப்பா வேலையிலிருந்து வந்து, கை கழுவியும் போகாத ஆயில் வாசத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள். வாப்பா பாரை மீனில் முள் எடுத்து எடுத்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் பிசாசு மாதிரி மீன் தின்கிறவள். முள் எடுக்க அவளுக்கு ஆள் வேண்டியதில்லை.

“நான் ஜெயிச்சுட்டேன்டி! ஒங்க வாப்பாவையே ஜெயிச்சுட்டேன்!”

அவள் நிமிரவில்லை. வாப்பாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, அடுத்த துண்டுக்குக் காத்திருந்தாள். சட்டென்று என் வயிறு பழையபடி எரிந்தது. அவ்வளவு பெரிய பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மீனுக்கும் பங்குக்கு வந்துவிட்டாளே என்று, அவளுக்கும் வாப்பாவுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.