கேக்காச்சி

போன கிழமை பள்ளிக்கூட விடுமுறை. கொக்குவிலில் எங்கள் வீட்டுக் குசினியை என் மகள்மார் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, அதில் யாரோ ஒரு பெண் சொல்லச் சொல்லக் கேக் அடித்தார்கள். மாஜரீனும் முட்டையும் வனிலாவும் சேர்ந்து வேகும் மணம் விறாந்தைக்கு வந்ததும் நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். துவைக்கத் தேவையே இல்லாத ஒரு சாரத்தை எடுத்துத் துவைத்தேன். "உவருக்குக் கேக் எண்டால் ஆகாது" என்று மனைவி பிள்ளைகளுக்குச் சொல்வது கேட்டது. எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று சொந்தக்காரரில் பாதிப்பேர் நம்புகிறார்கள். நானும் மறுப்பதில்லை, பிறந்தநாள் வீடுகளில் அது நல்ல வசதி. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேக்கைக் கண்டால் அப்பா செத்த நாள் ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஐந்து. உடுப்பிட்டியில் அப்பாவின் தாயாரோடு இருந்தோம். அவரை நாங்கள் அப்பாச்சி என்போம். அப்பாவுக்கு வவுனியாவில் கந்தோர் வேலை. யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்ததால் வீட்டுக்கு வருவதென்றால் கடலேரியைப் படகில் கடக்க வேண்டும். சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் எதுவும் லேசில் கிடைக்காது. பனங்கட்டியில் ஒரு கடி, தேத்தண்ணீரில் ஒரு மிடறு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். என் பல்லெல்லாம் சொத்தையானதற்கு யுத்தம்தான் காரணம் என்று பல் வைத்தியரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் வாயைத் திறக்கச் சொன்னார்.

அப்பாச்சியின் குசினிக்குள் நாங்கள் கால்வைக்கக்கூடாது. வாசலில் தலை தெரிந்தாலே "வெளியாலை!" என்று ஒரு சொல் வரும். அதனால்தான் அன்று காலை நடந்தது எங்களுக்குப் புதினமாக இருந்தது. நாங்கள் எழும்பும்போது அம்மா வீட்டில் இல்லை, பெரியப்பாவின் சைக்கிளில் போய்விட்டிருந்தார். கச்சேரியில் ஏதோ அரசாங்க அலுவல் என்றார் அப்பாச்சி. பள்ளிக்கூடமும் வேண்டாம் என்றார். படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வந்து, "வாங்கோ ரெண்டு பேரும். இண்டைக்குக் கேக் அடிப்பம்" என்றார்.

அப்பா வரும்போது செய்வதற்கென்று மாதக்கணக்காகச் சேர்த்த சீனியும் மாஜரீன் பேணியும் பரணிலிருந்து இறங்கின. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அப்பா வாறாரோ, அப்பாச்சி?"

"ஓம் மோனை. வாறான்."

பாண் சுடுகிற போறணை எங்கள் வீட்டில் ஏது? பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதற்குள் கேக் தட்டை வைத்து, கீழே விறகு, மூடியின்மேல் சிரட்டைத் தணல். அதுதான் ஏற்பாடு. ஆனால் அடுப்புக்குப் போகும்வரை எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. தங்கச்சிக்கு ரவையில் கல் பொறுக்கும் வேலை. அந்த ரவையில் கல்லே இல்லை. எனக்குப் பிளம்ஸ் எண்ணும் வேலை. அந்த உலர்ந்த திராட்சைகளில் ஒரு பிடிகூட இருந்திருக்காது. எண்ணிச் சொன்னால், "பிழைச்சிருக்கும், இன்னொருக்கால் எண்ணு" என்பார். மூன்றுமுறை எண்ணினேன். ஒவ்வொருமுறையும் தொகை குறைந்தது, ஏனென்றால் எண்ணியவன் நான். அப்பாச்சி அதைக்கூடக் கவனிக்கவில்லை.

முட்டையை நான் அடித்தேன், கை சோர்ந்ததும் அவர் வாங்கி அடித்தார். நிறுத்த மறந்துபோனவர்போல அடித்துக்கொண்டே இருந்தார். நடுவில் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் "ஆச்சி..." என்று அழுகிற குரலில் கூப்பிட்டார். அப்பாச்சி விடுவிடென்று போய், "பிள்ளையள் நிக்குதுகள். சத்தம் போடாதை" என்று சொல்லிவிட்டு வந்தார். மாமிக்கு என்ன என்று கேட்டேன். பல்லுக்கொதி என்றார்.

"சீனி போட்டனானோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "சீனி போட்டனானோ மோனை?" என்றார். நான் பதில் சொல்ல வாய் திறக்குமுன் மிச்சச் சீனி முழுவதையும் கொட்டிவிட்டார். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். இனிப்புக்குக் காய்ந்து கிடந்த பிள்ளை வேறென்ன செய்யும்.

கேக் அடியில் கருகி, நடுவில் களியாகத்தான் வந்தது. ஆனால் என்ன இனிப்பு! தொண்டை கரகரத்தது. "எல்லாத்தையும் தின்னுங்கோ, மிச்சம் வைக்கக்கூடாது" என்று அப்பாச்சி பக்கத்திலேயே குந்தியிருந்து வெட்டி வெட்டித் தந்தார். தான் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. நாங்கள் தின்று முடித்ததும் அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். எங்கள் வாயைத் துடைத்து, சீப்பால் தலை இழுத்து, உடுப்பு மாற்றினார். பிறகு போய்ப் படலையைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். அம்மா பக்கத்தில் இருந்தார்.

படகில் வரும்போது அப்பாவுக்குத் துப்பாக்கிச் சூடு பட்டிருக்கிறது. அதே படகில் தப்பி வந்த ஒருவர் விடியவே வந்து அப்பாச்சியிடமும் பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காயம் என்று மட்டும் சொல்லித்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை.

வீடு நிறையச் சனம். அப்பாவை நீள மர வாங்கில் கிடத்தியிருந்தார்கள். அப்போது தங்கச்சி குசினிக்குள் ஓடிப்போய் வந்தாள். கையில் ஒரு துண்டுக் கேக், அப்பாவுக்கென்று ஒளித்து வைத்தது. அதை அவருடைய கையில் வைத்து விரல்களை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

அப்பாவின் அக்கா, எங்கள் சொந்த மாமி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்காலை உது?"

"அப்பாச்சி சுட்டவ. அப்பாவுக்கு வைச்சனான்."

மாமி எழுந்து குசினிக்குப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். செத்த வீட்டில் சவம் எடுக்கும்வரை அடுப்பு எரியக்கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த முறை, ஐந்து வயதுப் பிள்ளையைத் தவிர.

"அடுப்பு இன்னும் சுடுகுது!" என்று கத்திக்கொண்டு வந்தார். "அம்மா, உங்களுக்கு விடியவே தெரியும். தெரிஞ்சுகொண்டே கேக் அடிச்சனீங்களோ? பெத்த வயிறோ உது?"

அழுகைச் சத்தம் நின்றுபோயிற்று. எல்லோரும் அப்பாச்சியைப் பார்த்தார்கள். அடுத்த நாள் நான் கொள்ளி வைத்தேன்.

அதிலிருந்து ஊரில் அவருக்குக் கேக்காச்சி என்று பெயர். முதலில் கிணற்றடியில், பிறகு சங்கக்கடையில், பிறகு எங்கும். எங்கள் ஊரில் பட்டம் ஒட்டினால் உரிக்க முடியாது. பதினைந்து வயதில், நேரம் பிந்தி வீட்டுக்கு வந்ததற்கு அவர் ஏசியபோது நானும் சொன்னேன். "மகன் செத்த அண்டு கேக் அடிச்ச கேக்காச்சியோ எனக்குப் புத்தி சொல்லுறது?"

அப்பாச்சி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கை நின்றது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"சவம் வந்தால் அடுப்பு எரியாது மோனை. அடுத்த நாள் வரைக்கும் உங்கடை வயித்தை ஆர் பாக்கிறது?" என்றார்.

"அப்ப சோத்தைக் காய்ச்சியிருக்கலாமே. ஏன் கேக்?"

"சோறு அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிருக்கும். பிறகு உங்களை எப்பிடி மறிக்கிறது? றோட்டிலை போறவன் வாறவன் சொல்லி நீங்கள் அதைக் கேக்கிறதோ? கொம்மா வருமட்டும் இழுக்க வேணுமெல்லோ."

சொல்லிவிட்டு மறுபடி திருவத் தொடங்கினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பதினைந்து வயதில் கேட்கத் தெரியவில்லை. பிறகு தெரிந்தும் வெட்கமாக இருந்தது. மகனைச் சாகக் கொடுத்த செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க எங்களுக்குப் பிளம்ஸ் எண்ணக் கொடுத்தவர் அவர். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னை அறைய வேண்டும்போல இருக்கிறது.

இப்போது செத்த வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் காஸ் அடுப்பில் தேத்தண்ணீர் கொதிக்கிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. அன்று அடுப்பைத் தொட்டுப் பார்த்த மாமியின் கணவர் கனடாவில் இறந்தபோது வீடியோவில் பார்த்தேன். பெட்டி வீட்டுக்கு வந்த நேரத்தில் மாமியே பேரப்பிள்ளைகளுக்கு எதையோ சூடாக்கிக்கொண்டிருந்தார். "பிள்ளையளுக்குப் பசிக்கும்தானே" என்றார் என்னிடம். ஓம் என்றேன். ஒருவரை இருபது வருஷம் நாறடித்த அந்த முறை, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

அப்பாச்சி செத்த அன்று படலையடியில் நின்றது நான்தான். பறை கேட்டு, தூரத்து ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "தம்பி, கேக்காச்சியின்ரை செத்த வீடு இதுவோ?" என்றார்.

அவருடைய பெயர் நாகம்மா என்று சொல்லியிருக்கலாம். "ஓம், இதுதான். உள்ளுக்கை போங்கோ" என்றேன்.