நான் காவல் காக்கும் விமானம்

நான் போனில் போர் விமான கேம் விளையாடுவது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு அதுதான் துணை. மைக் போட மாட்டேன், எழுதித்தான் பேசுவேன். அதனால் நான் பெண் என்று தெரியாத எங்கள் அணித் தலைவருக்கு நான் தம்பி. அவர் சென்னையில் படிக்கிறார் என்பது மட்டும் தெரியும். அவருக்குப் பின்னால் பறந்து, யாரும் அவரைச் சுடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

இன்று அடுத்த அப்டேட்டின் வீடியோ வந்தது. மேகத்துக்குள் போனால் கண்ணாடியில் மழைத்துளி வழிகிறது. தாழப் பறந்தால் வயலும் வரப்பும்கூடத் தெரிகின்றன.

"எங்க வயல் மாதிரியே இருக்கு தம்பி," என்றார் தலைவர். "திருக்காட்டுப்பள்ளிகிட்ட, மதகு ஓரம், ஒத்த இலுப்ப மரம். இனிமே இருக்காது. பிளாட் போட அப்பா வித்துட்டாரு."

"அதுல யாரும் பயிர் வைக்கலையா?" என்று எழுதினேன்.

"குத்தகைக்காரர் ஒருத்தர் இருக்காரு. இன்னும் சொல்லல. சொன்னா கேஸு கீஸுன்னு போவாராம். நட்டுட்டுப் போகட்டும், அறுப்பு முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு அப்பா சொல்றாரு."

அந்தக் குத்தகைக்காரர் என் அப்பா.

காலையில் நாற்றுப் பறிக்கப் போனவர் இன்னும் அந்த வயலில்தான் நிற்கிறார். அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

"என்ன தம்பி, இருக்கியா?" என்று தலைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அப்டேட்டில் இன்னொரு மாற்றமும் உண்டாம். இனி நாம் சுட்டால் நம் அணி விமானத்துக்கும் அடிபடும்.

அவருக்கு நேர் பின்னால் பறப்பது நான்தான். என்ன செய்யலாம், சொல்லுங்க.