மஞ்சள்காமாலை இல்லை

தலைமுடி சுருள் சுருளாக இருந்ததால் வீட்டில் அவள் பெயர் சுருட்டை. அம்மா ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டிக் கடை கடையாகச் சரக்கு இறக்குபவள். அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் சுருட்டைதான். வேதியியல் படிக்க இடம் கிடைத்தது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வாயால் பிழைத்துக்கொள்வாள் என்று யாரும் அவளைப் பற்றிக் கவலைப்படவில்லை.

போன முதல் வாரமே நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குப் போய் பிஸ்கட் தின்பாள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் குனிந்து புத்தகத்தைப் புரட்டுவாள். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள். இங்கே வகுப்பில் இருந்த அத்தனை பேருமே அவரவர் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள்.

அம்மா போன் செய்வாள். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"பிரெண்ட்ஸ் கிடைச்சாங்களா?"

"நிறைய."

நூலகத்துக்குப் பக்கத்தில் மாணவர் ஆலோசனை அறை இருப்பதாகச் சுவரொட்டி சொன்னது. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனாள். கதவுக்கு முன்னால் பழைய பிளாஸ்டிக் நாற்காலிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பக்கத்து அலுவலகத்தில் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்த மேடம் வேலைய விட்டுப் போயி ரொம்ப நாளாச்சும்மா. புது ஆள் போடுவாங்க." சில வாரங்கள் கழித்து மறுபடி போனாள். நாற்காலிகள் தோள் உயரத்துக்கு வந்திருந்தன.

அதற்கடுத்த சனிக்கிழமை மாலை, சீனியர்கள் மொட்டை மாடியில் புதியவர்களுக்கு விருந்து வைத்தார்கள். ஆரஞ்சு ஜூஸில் வோட்கா கலந்து ஒரு டம்ளர் கையில் கொடுத்தார்கள். பாதி டம்ளர் உள்ளே போனதும், இத்தனை நாள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ அணைத்ததுபோல் இருந்தது. சுருட்டை பேசினாள். ஒரு பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதைப்போல் நடித்துக் காட்டினாள். மாடியே சிரித்தது. அறைத்தோழி கட்டிப்பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நாளா எங்கடி ஒளிஞ்சிருந்த?" என்றாள்.

அந்தக் கேள்விதான் அவளைக் கவிழ்த்தது. குடித்தால்தான் தான் தானாக இருப்பதாக நம்பத் தொடங்கினாள். முதலில் விருந்துக்கு முன்னால். பிறகு வகுப்பில் எழுந்து பேசவேண்டிய நாட்களில். பிறகு காலையில் பல் துலக்கியதும். குளியல் வாளியில் இருந்த ஷாம்பூ பாட்டிலைக் கழுவி அதில் வோட்காவை ஊற்றி வைத்துக்கொண்டாள். என்ன கழுவியும் ஒவ்வொரு மடக்கிலும் சோப்பு வாசம் அடித்தது. அதையும் பொறுத்துக்கொண்டு குடித்தாள். குடிக்காவிட்டால் கை நடுங்கியது. குடித்தால் ஏன் குடித்தோம் என்று அழுகை வந்தது. செத்துப்போனால் நல்லது என்றுகூட ஒரு மதியம் நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் பருவத்தில் ஒரு காலை, ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயோடு தரையில் விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. தையல் போட்ட நர்ஸ், அவள் மூச்சில் அடித்த மது வாடைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு மாணவர் நல அதிகாரிக்குப் போன் செய்தார்.

அப்பாவும் அம்மாவும் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தார்கள். அதிகாரி கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு உங்க பொண்ணே விலகிக்கட்டும். நாங்க வெளிய சொல்ல மாட்டோம். பொண்ணோட எதிர்காலம் பாருங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டே பேனாவை வாங்கி மகளிடம் நீட்டினார். சுருட்டை வாங்கவில்லை.

"எழுத மாட்டேன்."

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

"போன மாசம் பசங்க விடுதியில நாலு பேரு குடிச்சிட்டு ஜன்னல உடைச்சாங்க. அவங்க இப்பவும் கிளாஸுக்கு வராங்களே சார்."

"அது வேற விஷயம். நீ ஒரு பொண்ணு..."

"நான் எதையும் உடைக்கல. என் கையைத்தான் கிழிச்சிக்கிட்டேன். குடிச்சது தப்புதான், தண்டனை குடுங்க. ஆனா பயமா இருக்குன்னு நான் முதல்ல உங்க ஆலோசனை ரூமுக்குத்தான் வந்தேன். ரெண்டு தடவை வந்தேன். நாற்காலி அடுக்கி வச்சிருந்தீங்க."

அம்மா எழுந்தாள். அப்பாவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி அதிகாரியின் மேசையில் வைத்தாள். "எம் பொண்ணு படிக்க வந்திருக்கா. படிச்சிட்டுத்தான் வருவா. வைத்தியம் நாங்க பாத்துக்கறோம்."

ஒரு பருவம் இடைநீக்கம், மருத்துவர் சான்று தந்தால் திரும்பி வரலாம் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆலோசனை சொன்னாள். "கேக்கறவங்ககிட்ட மஞ்சக்காமாலைன்னு சொல்லிடலாம். ஒரு பருவம் லீவுக்குச் சரியா இருக்கும்."

"மஞ்சக்காமாலை இல்ல அத்தை. குடிச்சேன்."

"மெதுவா பேசுடி, ஜன்னல் திறந்திருக்கு!"

"திறந்தே இருக்கட்டும்."

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர், படபடப்புக்கும் குடிக்கும் சேர்த்தே வைத்தியம் பார்த்தார். முதல் சில நாட்கள் வார்டில் வியர்வையும் வாந்தியுமாகக் கழிந்தன. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டார். பேனாவை நீட்டிய கை அது என்று அவருக்கு உறுத்தியிருக்கும். கடைசிவரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. வெளியே வந்தபிறகு சுருட்டை அம்மாவின் வண்டியில் ஏறிக்கொண்டு ரொட்டித் தட்டு இறக்கினாள். நடுவில் ஒருமுறை சறுக்கிக் குடித்தாள், ஒரு குடும்ப விருந்தில். மறுநாளே மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். "வந்து சொன்னீங்க இல்ல, போதும். மறுபடி ஆரம்பிப்போம்" என்றார் அவர்.

திரும்பிப் போனபோது பல்கலைக்கழகம் முழுக்கக் கதை பரவியிருந்தது. 'குவார்ட்டர்' என்று புதுப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒருவன் காது கேட்கவே கூப்பிட்டான். சுருட்டை திரும்பி, "ஷாம்பூ பாட்டில்ல அதுக்கு மேலயே பிடிக்கும்டா" என்றாள். பிறகு அவன் கூப்பிடவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நடு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். தட்டு காலியாகும்வரை எழுந்து போகவில்லை.

அப்போதுதான் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி கைகழுவும் இடத்தில் அவளை நிறுத்தினாள். "அக்கா, உங்க கதையக் கேட்டேன். எனக்கும் நெஞ்சு அப்படித்தான் அடிச்சுக்குது. தூங்க மாத்திரை போடறேன். அளவு கூடிக்கிட்டே போகுது. எங்க போறதுன்னு தெரியல."

சுருட்டை அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் உட்காரவைத்தாள். வெளியே காத்திருந்தபோது பொங்கிப் பொங்கி வந்தது கோபம். மறுநாள் காலை சுருட்டை அந்தப் பெண், அறைத்தோழி, இன்னும் சிலரோடு, இதுவரை ஆள் போடாத ஆலோசனை அறைக்குப் போனாள். அடுக்கியிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள், தூசி தட்டினார்கள், நடைபாதை நெடுகப் போட்டு உட்கார்ந்தார்கள்.

அதிகாரி வேகமாக வந்தார். "யாரு பர்மிஷன் குடுத்தது?"

"நாற்காலி உட்காரத்தானே சார்?"

"எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"ஆலோசகருக்கு வெயிட் பண்றோம் சார். நீங்க ஆள் போடற வரைக்கும்."

வகுப்பில்லாத நேரமெல்லாம் அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள். அலுவலகத்திலிருந்து வந்து மிரட்டினார்கள், பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். நாற்காலிகள் நிறைந்தன, பிறகு தரையும் நிறைந்தது. ஜன்னல் உடைத்த நால்வரில் ஒருவன்கூட வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். அடுத்த பருவம் தொடங்கும் முன் அந்தக் கதவு திறந்தது. முழுநேர ஆலோசகர் ஒருவர், தினமும்.

சுருட்டை ஒரு பருவம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள். இப்போது குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. படபடப்பு முழுசாகப் போகவில்லை; மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் தொடர்கின்றன. போன மாதம் அலுவலக விருந்தில் மேலாளர் ஒரு கோப்பையை நீட்டி, "ஒண்ணே ஒண்ணு. ஒத்துக்காதா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா ஒத்துக்கும் சார். அதனாலதான் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஐஸ் போட்ட சோடாவோடு போய் நடுவில் உட்கார்ந்தாள்.