எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தவர்

போன வாரம் எதிர் ஃபிளாட்டுப் பெண் காலையிலேயே பெல் அடித்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே குரலைத் தாழ்த்தி...

"ஆன்ட்டி, எங்க அத்தையோட தம்பி ஊர்ல தவறிட்டார். இன்னிக்குச் சாயந்தரமே எடுத்துடுறாங்களாம். அத்தைகிட்ட சொல்லலை. பேரப்பிள்ளைங்க லீவுக்கு வந்திருக்கு, எல்லாரும் சேர்ந்து சமைச்சிட்டு, பொம்மை செஞ்சிட்டு ஜாலியா இருக்காங்க. ரெண்டு நாள் போகட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம். நீங்க தெரியாம துக்கம் விசாரிச்சுடாதீங்க!"

தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பக்குவமாம் பக்குவம்! இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் தெரியுமா?

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகிக் காரைக்காலுக்குப் போன எனக்கு அதுதான் புகுந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். வீட்டில் என் கணவர், மாமனார், நான். மாமியார் முன்பே போய்விட்டார். பண்டிகைக்காக நாத்தனார் செலின் அக்கா வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். திண்டுக்கல் பக்கம் தன் அம்மாவுக்குப் பண்டிகைப் புடவையைக் கொடுத்துவிட்டு, இருபத்துநாலாம் தேதி சாயந்தரம் இங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு.

அன்று காலையிலிருந்தே கூடம் முழுக்க வேலை. ஒரு பக்கம் மூங்கில் பிளாச்சு, கலர் பேப்பர், பசைக் கிண்ணம். செலின் அக்கா ஸ்டார் கட்டுவதில் கெட்டிக்காரி. நாலு முனைக்குப் பேப்பர் ஒட்டிவிட்டு ஐந்தாவதைத் திறந்தே வைத்திருந்தார்.

"இது அவுங்க வந்து பல்பு மாட்ட. நாம ஒட்டிட்டா அவுங்களுக்குக் கோவம் வந்துடும்" என்று சிரித்தார்.

இன்னொரு பக்கம் மைதா மாவு. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டினால் வரி வரியாகச் சிப்பி மாதிரி வரும். பொரித்துப் பாகில் புரட்ட வேண்டும். இதற்கு நாலு கை வேண்டும், நிறைய வம்பு வேண்டும். இரண்டும் இருந்தன. நான் சுருட்டியதெல்லாம் புழு மாதிரி வந்தது.

"மெட்ராஸ் பொண்ணுக்கு மாவுகூட அடங்கலையே!" என்று அக்கா கிண்டல் செய்ய, என் கணவர் அவருக்கு ஒத்து ஊத... நல்ல காலைதான் அது.

நடுவில் சைக்கிள் கடை பாய் வந்து மாமனாரை வெளியே கூப்பிட்டார். தெருவில் அவர் கடையில்தான் போன் உண்டு. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். திரும்பி வந்த மாமனார் ஒன்றும் சொல்லாமல் ஈஸிசேரில் உட்கார்ந்தார். முனிசிபாலிட்டியை 'மேரி' என்று பிரெஞ்சில்தான் சொல்வார். அங்கே வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பொதுவாகவே பேச்சு கம்மி. எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

வெயில் ஏறியது. தாம்பாளம் நிறையச் சிப்பிகள். அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றி எண்ணெய் ஊற்றினேன்.

"சட்டி வைக்காதம்மா" என்றார் மாமனார், வாசற்படியில் நின்று.

"ஏன் மாமா?"

"எண்ணெய் காறிப்போச்சு."

"நேத்துதானேப்பா செக்குலேருந்து வந்துச்சு?" என்றார் அக்கா, மாவுக் கையோடு. "மோந்து பாருங்க, வாசமா இருக்கு."

"அப்ப நாளைக்குப் பொரிங்க."

"நல்லாருக்கே! பண்டிகைக்கு முந்தி பொரிக்காம, பண்டிகையன்னிக்கா பொரிப்பாங்க? நீ போடு புள்ள."

நான் ஒரு சிப்பியை எடுத்தேன். மாமனார் விறுவிறுவென்று வந்தார். காய்ந்துகொண்டிருந்த சட்டியின் காதை வெறுங்கையால் பிடித்து இறக்கிக் கீழே வைத்தார். துணிகூட இல்லை. கை சுட்டும் ஆ என்று சொல்லவில்லை.

சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். வேதக்காரர்களானாலும் எங்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு. மனிதர் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டார், அதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அக்கா எழுந்து நின்றார். என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவின் கையைப் பார்த்தார்.

"யாருப்பா?"

மாமனார் குனிந்து அடுப்பை அணைத்தார்.

"எல்லாரும் இங்கதான இருக்கோம்... இல்லாதது அவுங்க ஒருத்தர்தானப்பா?"

மாமனார் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி நெஞ்சுவலியாம், அம்மா வீட்டிலேயே முடிந்துவிட்டதாம்.

"எப்பப்பா சேதி வந்துச்சு?"

"காலையில... பாய் வந்தாரே..."

"அடக்கம்?"

"சாயந்தரம். நாளைக்குப் பண்டிகை, வச்சிருக்க முடியாதுன்னு பங்குச் சாமியார் சொல்லிட்டாராம். ராத்திரிப் பூசை முடியட்டும், ஒரு வேளைச் சோறாவது நிம்மதியா சாப்புடட்டும்னுதாம்மா..."

செலின் அக்கா அழவில்லை. "காரைப் புடிங்க" என்றார். அவ்வளவுதான்.

அம்பாசிடரில் போனோம். தஞ்சாவூர், திருச்சி. வழி நெடுக வீடுகளில் ஸ்டார் எரிய ஆரம்பித்துவிட்டது. டிரைவரிடம், "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார் அக்கா. அவர் முழங்கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. துடைத்துவிடலாமென்று கையை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மண்மேட்டில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. வெட்டியான்கூடக் கிளம்பிவிட்டார். ஊர் முழுக்கப் பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. காலையிலேயே புறப்பட்டிருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். நிச்சயமாகப் பார்த்திருக்கலாம்.

திரும்பி வந்த பிறகு அக்கா தன் அப்பாவிடம் சண்டை போடவில்லை. ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"எனக்கு அழுவத் தெரியும்பா. நீங்க ஏன் பயந்தீங்க? அந்த மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டு வந்து அழுதிருப்பேன்ல?"

மாமனார் நல்லவர். மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அதுதான் கொடுமை. கெட்டவர் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம், பாசத்தை என்ன செய்வது? அவர் இருந்தவரைக்கும் அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

நம் வீடுகளில் இது ஒரு வியாதி. அழுகிறவரைப் பார்க்க நமக்குத் தெம்பில்லை. அதற்கு 'அவர் மனசு தாங்காது' என்று பெயர் வைத்துவிடுகிறோம்!

சரி, எதிர் வீட்டு விஷயம்? கதவைச் சாத்திய நான் கொஞ்ச நேரம் சோபாவில் உட்கார்ந்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய் பெல் அடித்தேன். அந்த அம்மாள் பேரனோடு கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிட்டேன்.

அவர் மத்தியானத்துக்குள் ஊருக்குப் போய்த் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டார். அந்த வீட்டில் இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை... அவரைத் தவிர.