மூன்றாம் தடவை கேட்ட கேள்வி

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதக் கடைசி. மொன்றியலில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், பிளாஸ்டிக் கதிரையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். இங்கே வந்து பிரெஞ்சு படித்து, படிப்பிப்பதற்குத் தற்காலிக அனுமதிப் பத்திரம் எடுத்து, இரண்டு வருடமாக ஓட்டை அடைக்கும் ஆசிரியையாக இருந்தேன். காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். எந்தப் பள்ளியில் யாருக்குச் சுகமில்லை என்று சொல்வார்கள். நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெட்ரோ பிடித்து ஓடுவேன். ஒரு நாள் கூடைப்பந்துகூடப் படிப்பித்தேன். பிள்ளைகள்தான் எனக்கு விதிகளைச் சொல்லித் தந்தார்கள்.

அன்று அந்த வருடத்துக்கான ஆசிரியர் வேலைகளைப் பங்கிடும் நாள். பட்டியல் வரிசைப்படி பெயரைக் கூப்பிடுவார்கள். மேசைக்குப் போய், மிஞ்சியிருக்கும் வேலைகளில் ஒன்றைத் தெரிவுசெய்து கையெழுத்துப் போட வேண்டும். கணிதத்தில் முழு வருட வேலை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது கிடைத்தால் என் கணவர் டோர்வல் விமான நிலையத்தில் இரண்டு ஷிஃப்ட் செய்வதை நிறுத்தலாம். அதற்காக நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை.

என் பெயர் வந்தது. கண்ணாடி போட்ட அலுவலர் அம்மா அந்த வேலையைக் காட்டி, "இது வேணுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை, மற்றவர்கள் முதலில் எடுக்கட்டும்."

எங்களுடைய வளர்ப்பு அப்படி. ஒரு வீட்டில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதும் ஓம் என்றால் அதற்கே அலைபவள் என்று நினைப்பார்கள். இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை வற்புறுத்திய பிறகுதான் வாங்குவோம். அந்தப் பதற்றத்தில் வாய் தன் பழக்கத்துக்குப் பேசிவிட்டது.

அலுவலர் அம்மா ஏன் வற்புறுத்தப் போகிறார்? என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வலிய வந்த சீதேவியை அல்லவா காலால் உதைத்துவிட்டேன்!

அடுத்து வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு வெள்ளைக்காரர். அந்த வேலை இப்போது அவருக்குத்தான். அவரோ பேனாவைத் தொடாமல் என்னையே பார்த்தார்.

"இவங்க மறுக்கல. என் மாமியார் வியட்நாம்காரி. அவங்க வீட்டில மூணாவது பதில்தான் உண்மையான பதில். இன்னும் ரெண்டு தடவை கேட்டுப் பாருங்க" என்றார்.

அலுவலர் அம்மா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார். நானோ, பாழாய்ப்போன வாய், "உங்களுக்குச் சிரமமில்லை என்றால்..." என்று இழுத்தேன். கூடமே சிரித்தது. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாம் தடவை கேட்டார். "வீ, மதாம்" என்று பிரெஞ்சில் ஓம் சொல்லி நான் போட்ட சத்தத்தில் என் காதே அடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அந்த இளைஞர் தூரத்துப் பள்ளி ஒன்றில் அரை நேர வேலையை எடுத்துக்கொண்டார். வாசலில் ஓடிப்போய் நன்றி சொன்னேன். "உங்க முறையில வந்த வேலைதானே. நீங்க நின்ற விதம் அப்படியே என் மாமியார்" என்று சிரித்தார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயதுதான். ஆனாலும் மன்னித்துவிட்டேன்.

வெளியே வந்து கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கிடைச்சுதோ?"

"ஓம். முழு வருசம். ஆனா முதல்ல வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"உமக்கென்ன விசரோ?" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அன்று வேலை கிடைத்த பள்ளியிலேயே நான் நிலைத்துவிட்டேன். தன் கைக்கு வந்த வேலையைத் தொடாமல், முன்பின் தெரியாத ஒருத்திக்காக இன்னொரு தடவை கேட்கச் சொன்ன அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், இதுவும் என்னுடைய ஊர்தான் என்று மனம் அடித்துச் சொல்கிறது.